தட்டிக் கேட்டால் கல்லும் சொல்லும்

டிக்கோயாப் பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா நாளில் தப்பு அடிக்கத் தொடங்கும் முன் ஒரு வேலை நடக்கும். காய்ந்த சருகையோ பழைய கடதாசியையோ குவித்துக் கொளுத்தி, தப்பின் தோலை அந்த அனலுக்கு நேரே காட்டுவார்கள். சற்று நேரம் காட்டியபின் எடுத்து விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். "தொப்" என்று விழுந்தால் மறுபடி அனல். அந்தத் "தொப்" கொஞ்சம் கொஞ்சமாக மேலேறிக் கணீரென்று ஆன பிறகே தப்பு தோளுக்கு ஏறும். காசல்ரி நீர்த்தேக்கத்துப் பக்கமிருந்து பனி ஏறிவருகிற இரவுகளில் ஆட்டத்துக்கு நடுநடுவேயும் இதைச் செய்ய வேண்டியிருக்கும்.

தோல் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஈரம் ஏறிய தோல் தளர்கிறது. கூடவே அதன் எடையும் கூடுகிறது. இரண்டுமே ஒலியைக் கீழே இறக்குபவை. அனல் ஈரத்தை விரட்டும்போது தோல் சுருங்கப் பார்க்கிறது, சட்டம் சுருங்க விடுவதில்லை. இழுவை ஏறுகிறது, எடை குறைகிறது, மீடிறன் உயர்கிறது. இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இரண்டு மடங்காகும் என்று நம் உயர்தர மாணவர்கள் சுரமானிக் கம்பியை வைத்துப் படிக்கிற விதி தப்புத் தோலுக்கும் பொருந்தும். தப்படிப்பவர் சமன்பாடு எழுதுவதில்லை. தோலை வெட்டிப் பார்க்காமல், எதையும் பூட்டி இழுக்காமல், ஒரே சுண்டில் தோலின் உள்நிலையை அறிந்துகொள்கிறார். வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கும் சாவு வீட்டுக்கும் காமன்கூத்துக்கும் அவர் வேண்டியிருந்தது. அவருடைய காது அறிந்திருந்ததை மட்டும் அறிவென்று நாம் எழுதி வைக்கவில்லை. இது எனக்குப் பெரிய மனக்குறை. ஏனென்றால் புதிய பொருள்களை ஆராயும் உலகின் மிக நுட்பமான ஆய்வுகூடங்கள் சில இன்று செய்வதும், ஒரு பொருளைத் தட்டி அது என்ன சுரத்தில் பதில் சொல்கிறது என்று கேட்பதுதான்.

ஒலி ஒரு பொருளுக்குள் எவ்வளவு வேகமாகப் போகும் என்பதை இரண்டே விஷயங்கள் முடிவு செய்கின்றன: பொருளின் விறைப்பும் அடர்த்தியும். விறைப்பு கூடினால் வேகம் கூடும், அடர்த்தி கூடினால் வேகம் குறையும். வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர். நீரில் சுமார் 1,480. உருக்கில் 5,900 வரை. உருக்கு வளியைவிட ஆறாயிரம் மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அப்படியானால் ஒலி அதற்குள் ஊர்ந்துதானே போக வேண்டும்? ஆனால் உருக்கின் விறைப்பு வளியின் விறைப்பைப்போல ஏறக்குறைய 20 இலட்சம் மடங்கு. ஆகவே வேகம் பதினேழு மடங்காகிறது. திண்மத்தில் விறைப்பு என்பது, பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒன்றையொன்று எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கின்றன என்பதன் அளவு. ஆக, ஒலியின் வேகத்தை அளக்கிறவர் அணுக்களுக்கு இடையிலுள்ள பிணைப்பின் வலிமையை அளக்கிறார்.

திண்மத்தில் இன்னொரு வசதியும் உண்டு. வளிக்குள் ஒலி நெருக்கியும் விரித்தும் மட்டுமே போகும். அது நெட்டாங்கு அலை. திண்மமோ பக்கவாட்டில் நழுவவும் எதிர்ப்புக் காட்டும். அதனால் குறுக்கலையும் அதில் ஓடும். உருக்கில் குறுக்கலையின் வேகம் சுமார் 3,200 மீற்றர். ஒரே பொருளைப் பற்றி இரண்டு விதமான சாட்சி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பளிங்கு வடிவான பொருளானால் திசைக்குத் திசை வேகம் மாறும், சாட்சிகள் இன்னும் பெருகும்.

இதில் மிகப் பழைய, மிகப் பரவலான பயன்பாடு பழுது தேடுவது. 1884இல் ஹட்டனுக்கு வந்துசேர்ந்த மலையக ரயில் பாதை மாதிரியான வளைவும் ஏற்றமும் நிறைந்த பாதைகளில் தண்டவாளம் படும் பாடு கொஞ்சமல்ல. உருக்குக்குள் மயிரிழை வெடிப்பு விழுந்திருந்தால் வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. காது கேட்கும் எல்லைக்கு மேற்பட்ட கழியொலியை உள்ளே அனுப்பினால், வெடிப்பில் பட்டு எதிரொலி திரும்பும். ஒரு சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள வெடிப்பிலிருந்து எதிரொலி வர செக்கனின் பத்து இலட்சத்தில் மூன்றரைப் பங்கு நேரம் போதும். அந்த நேரத்தை அளந்தால் வெடிப்பின் ஆழம் தெரிந்துவிடும். காதுக்குக் கேட்கும் ஒலி ஏன் போதாது என்று கேட்கலாம். அலைநீளத்தைவிட மிகச் சிறிய பொருளை ஒலி கண்டுகொள்ளாமல் கடந்து போய்விடும். 1,000 ஹேர்ட்ஸ் ஒலிக்கு உருக்கில் அலைநீளம் கிட்டத்தட்ட ஆறு மீற்றர். ஐம்பது இலட்சம் ஹேர்ட்ஸில் அது ஒரு மில்லிமீற்றரை ஒட்டிச் சுருங்குகிறது.

விமானங்களின் உடலுக்கும் இறக்கைக்கும் இப்போது கரிநார்க் கலவைப் பொருள் பயன்படுகிறது. அடுக்கடுக்காக ஒட்டிய அந்தப் பொருளில் ஏதோ ஓர் இடத்தில் அடுக்குப் பிரிந்திருந்தால் மேலே கீறல்கூட இருக்காது. பராமரிப்புத் தொழிலாளர்கள் இன்றும் சிறு சுத்தியலாலோ நாணயத்தாலோ பரப்பைத் தட்டிக்கொண்டே போய், ஒலி மங்கும் இடத்தைக் குறிக்கிறார்கள். பிறகு அந்த இடத்துக்குக் கழியொலிக் கருவி வரும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இப்படி உடைக்காமல் சோதிக்கும் முறைகளுக்கென்றே தனி ஆய்வு மையம் இருக்கிறது.

கல்பாக்கத்தில் நிலைமை இன்னும் கடினம். அங்குள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த 500 மெகாவாற்று வேக ஈனுலையில் வெப்பத்தைக் கடத்துவது உருகிய சோடியம். சோடியம் 98 பாகை செல்சியஸில் உருகும். வளியோ நீரோ பட்டால் பற்றிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதற்குள் ஒளி நுழையாது. எரிபொருள் கோல்களை மாற்றும் முன் ஏதாவது ஒன்று மேலே துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், பார்க்க வழியில்லை. சோடியத்தை வடித்துவிட்டுப் பார்ப்பதும் நடக்காத காரியம். ஆனால் ஒலி அதற்குள் செக்கனுக்குக் கிட்டத்தட்ட இரண்டரைக் கிலோமீற்றர் வேகத்தில் தாராளமாகப் போகும். அந்தச் சூட்டைத் தாங்கும் கழியொலிக் கருவியை உள்ளே இறக்கி, எதிரொலிகளைக் கொண்டே படம் வரைகிறார்கள். அதே மையத்தில் பல்தேவ் ராஜ் முதலானோர் பல ஆண்டுகள் உழைத்த இன்னொரு வேலையும் உண்டு: உருக்கை எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் வைத்தால் அதன் உள்ளே பளிங்கு மணிகள் எப்படிப் பருக்கின்றன, கழியொலி அவற்றில் பட்டு எவ்வளவு சிதறுகிறது, வேகம் எவ்வளவு மாறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. வெட்டி நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைக்க முடியாத, உலைக்குள் பொருத்திவிட்ட உருக்கின் மூப்பை அறிய அது உதவும்.

எதிரொலியைக் கேட்பது ஒரு வழி. தப்புத் தோலைச் சுண்டுவது வேறு வழி. அங்கே எதிரொலிக்கு நேரம் பார்ப்பதில்லை, பொருள் முழுவதும் சேர்ந்து என்ன சுரம் பாடுகிறது என்று கேட்கிறோம். புதிய பொருள்களின் ஆராய்ச்சியில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இரண்டாம் வழிதான். இதற்கு நம் மொழிக்காரர் ஒருவர் நூறாண்டுக்கு முன்பே ஓர் அருமையான அடித்தளம் இட்டார்.

1888இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், ஒளிச்சிதறல் ஆராய்ச்சிக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் கல்கத்தாவில் வீணை, வயலின், மிருதங்கம் என்று இசைக்கருவிகளின் பின்னால் போய்க்கொண்டிருந்தார். சாதாரண வட்டத் தோலைத் தட்டினால் அடிச்சுரத்தோடு எழும் மேற்றொனிகள் அதற்கு 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒன்றோடொன்று பொருந்தாத விகிதங்களில் வரும். தந்தியிலோ 2, 3, 4 என்று முழு எண்களில் வரும். அதனால்தான் தந்தி பாடுகிறது, பல பறைகள் முழங்குகின்றன. மிருதங்கம் மட்டும் எப்படிச் சுருதி சேர்கிறது? வலந்தலை எனும் வலப்பக்கத் தோலின் நடுவே அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றும் கருப்புக் கரணைதான் காரணம் என்று ராமன் கண்டார். அந்தக் கூடுதல் எடை, நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்து நிற்பதால், தோலின் அதிர்வுகளை இழுத்துப் பிடித்து, கிட்டத்தட்ட முழு எண் விகிதங்களில் ஐந்து சுரங்களாகக் கொண்டுவந்து நிறுத்துகிறது. தோல்மேல் மெல்லிய மணலைத் தூவி, எந்தக் கோடுகளில் மணல் அசையாமல் தங்குகிறது என்று பார்த்து ஒவ்வொரு அதிர்வின் வடிவத்தையும் அவர் அறிந்தார். முதல் குறிப்பு 1920இல் "நேச்சர்" இதழில் வந்தது. விரிவான கட்டுரை 1930களில் வந்தது.

அதே 1930களின் நடுப்பகுதியில் பெங்களூரில் நாகேந்திர நாத் என்ற இளைஞரோடு சேர்ந்து ராமன் இன்னொன்று செய்தார். கழியொலி ஓடும் திரவத்தின் ஊடே ஒளியை அனுப்பினால் அது பல கதிர்களாகப் பிரிகிறது. ஒலியலை திரவத்தை வரிவரியாக நெருக்கியும் விரித்தும் வைப்பதால் அந்த வரிகள் ஒளியை விலக்குகின்றன. எவ்வளவு விலகுகிறது என்று அளந்தால் ஒலியின் அலைநீளமும், அதிலிருந்து வேகமும் கிடைக்கும். இந்த ராமன்-நாத் கோட்பாடு இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ராமனிடம் பயின்ற சூரி பகவந்தம் ஆந்திரத்து வால்டேரில் இருந்தபடி பளிங்குகளுக்குள் கழியொலியைச் செலுத்தினார். அவரும் பீமசேனாசாரும் 1946இல் வைரத்தின் மீள்தன்மை மாறிலிகளை, அதாவது அதன் விறைப்பைச் சொல்லும் எண்களை, அளந்து வெளியிட்டார்கள். 1957இல் அமெரிக்காவில் மக்ஸ்கிமினும் பொண்டும் இன்னும் நல்ல கருவிகளோடு அந்த எண்களைத் திருத்தினார்கள். ஆனாலும் முதலில் வைரத்தைத் தட்டிக் கேட்டவர்கள் அந்த வால்டேர்க்காரர்களே.

மிருதங்கத்தில் ராமன் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தோலும் கரணையும் எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் எழும் சுரங்களைச் சொல்லிவிடலாம். சுரங்களை மட்டும் கொடுத்தால் தோல் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா? 1966இல் மார்க் காட்ஸ் என்ற கணிதவியலாளர் பறையின் வடிவத்தைக் காதால் கேட்டு அறிய முடியுமா என்ற கேள்வியையே ஒரு கட்டுரைக்குத் தலைப்பாக வைத்தார். பதில் வர 26 ஆண்டுகள் ஆயின. 1992இல் கோர்டன், வெப், வோல்பேர்ட் மூவரும், வடிவத்தில் வேறுபட்ட இரண்டு பல்கோணப் பறைகள் எல்லாச் சுரங்களிலும் அச்சாக ஒரே மாதிரி ஒலிக்க முடியும் என்று நிறுவினார்கள். ஒலி நிறையச் சொல்லும், ஆனால் எல்லாவற்றையும் தானாகச் சொல்லிவிடாது. வடிவத்தை வேறு வழியில் அளந்து கையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தை ஒலியிடம் கேட்க வேண்டும்.

பரிவை, அதாவது பொருள் தன் இயல்பான மீடிறனில் பலமாக அதிர்வதை, வைத்துப் பளிங்கை ஆராயும் முறை செய்வது இதைத்தான். இரண்டு மில்லிமீற்றர் அளவில், ஒரு சிறு பகடைக்காயைவிடச் சின்னதாக, பளிங்கைச் செவ்வகக் கட்டியாகத் தேய்த்து எடுப்பார்கள். நீளம், அகலம், உயரம், எடை எல்லாவற்றையும் துல்லியமாக அளப்பார்கள். பிறகு இரண்டு அழுத்தமின் பளிங்குகளுக்கு இடையே, எதிரெதிர் மூலைகள் மட்டும் மெல்லத் தொடும்படி அதை நிறுத்துவார்கள். பசை கிடையாது, இறுக்கிப் பிடிப்பதும் கிடையாது. அழுத்திப் பிடித்தால் சுரம் கெட்டுவிடும். ஒரு மூலையிலிருந்து ஒலியை ஊட்டி, மீடிறனை மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போவார்கள். பெரும்பாலும் பளிங்கு பேசாமல் இருக்கும். தனக்கு இயல்பான மீடிறன் வந்ததும் சட்டென்று அதிரும், மறு மூலையிலுள்ள கருவி அதைப் பிடித்துக்கொள்ளும். இந்த அளவுள்ள கட்டிக்கு முதல் சுரங்கள் பத்து இலட்சம் ஹேர்ட்ஸை ஒட்டி இருக்கும். இப்படி ஒரே ஓட்டத்தில் ஐம்பது, அறுபது சுரங்களின் வரிசை கையில் வந்துவிடும்.

இனிக் கணினியின் வேலை. கனசதுர அமைப்புள்ள வைரம் போன்ற பளிங்கின் விறைப்பை விவரிக்க மூன்று எண்கள் போதும். அறுகோண அமைப்புக்கு ஐந்து. ஒழுங்கு மிகக் குறைந்த பளிங்குக்கு 21. அந்த எண்களுக்கு ஒரு மதிப்பை வைத்துச் சுரங்களைக் கணக்கிட்டு, அளந்த சுரங்களோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் மதிப்பைத் திருத்தி, மறுபடி ஒப்பிட்டு, எல்லாச் சுரங்களும் இசையும்வரை கணினி ஓடும். கையால் செய்ய நினைத்தால் ஆயுள் போதாது. அதனாலேயே இந்த எண்ணம் 1960களில் முளைத்திருந்தும், அதன் காலம் 1980களின் கடைசியில்தான் வந்தது. 1986இல் சூரிக்கில் பெட்நோர்ஸும் முல்லரும் செம்பு ஒட்சைட்டில் உயர்வெப்ப மீகடத்தியைக் கண்டுபிடித்தார்கள். அதை ஆராய எல்லோரும் ஓடினார்கள். நல்ல பளிங்குகளோ மில்லிமீற்றர் அளவுக்கு மேல் வளரவில்லை. அவ்வளவு சின்னக் கட்டியில் எதிரொலிக்கு நேரம் பார்ப்பது கடினம். அப்போது லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் அல்பேர்ட் மிக்லியோரியும் அவருடைய தோழர்களும் பரிவு முறையைச் செம்மைப்படுத்தினார்கள். மிகச் சிறிய பளிங்கே அதற்குப் போதுமானதாக இருந்தது.

இதற்கு முன் சந்திரனிலிருந்து வந்த கற்களும் தட்டிக் கேட்டபோது ஒரு சுவையான சேதி சொல்லியிருந்தன. அப்பலோ 11 கொண்டுவந்த கற்களுக்குள் ஒலி செக்கனுக்கு இரண்டு கிலோமீற்றர்கூடப் போகவில்லை. பூமியிலுள்ள அதே போன்ற எரிமலைப் பாறையில் ஐந்து, ஆறு கிலோமீற்றர் போகும். காரணம், கோடிக்கணக்கான ஆண்டுகளாக விண்கற்கள் மோதி மோதி அந்தக் கற்களுக்குள் நுண்வெடிப்புகள் நிறைந்து கிடந்தன; அவற்றை நிரப்ப ஈரமும் இல்லை.

பரிவு முறை மீடிறனில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூடக் காட்டிக்கொடுக்கும். பொருள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது அதன் விறைப்பும் துளி மாறும். நீர் பனிக்கட்டியாவதைப்போலக் கண்ணுக்குத் தெரிகிற மாற்றமாக அது இருக்க வேண்டியதில்லை. இலத்திரன்கள் தங்களுக்குள் ஏதோ ஓர் ஒழுங்குக்கு வந்தால்கூட, அணுக்களைப் பிடித்திருக்கும் பிணைப்பு அதை உணரும். ஒலி அதைச் சொல்லிவிடும்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஸ்ட்ரொன்சியம், ருதீனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த ஒரு பளிங்கு. 1994இல் ஜப்பானில் யோஷிதெரு மாயெனோ குழுவினர், தனிப்பூச்சியத்துக்கு ஏறக்குறைய ஒரு பாகை மேலே அது மீகடத்தியாவதைக் கண்டார்கள். மீகடத்தியில் இலத்திரன்கள் சோடி சோடியாகச் சேர்ந்து தடையில்லாமல் ஓடும். இந்தப் பளிங்கில் சோடிகள் மற்றவற்றில் இல்லாத ஒரு விதமாக, இரண்டு இலத்திரன்களும் ஒரே திசைச் சுழற்சியோடு சேர்கின்றன என்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் நம்பினார்கள். 1998இல் அதற்கு ஆதாரமாகக் காட்டிய காந்தப் பரிவுச் சோதனையை 2019இல் லொஸ் ஏஞ்சலிஸில் திருப்பிச் செய்தபோது நம்பிக்கை நொறுங்கியது. சோதனைக்காகச் செலுத்திய ரேடியோத் துடிப்பே பளிங்கைச் சூடாக்கி மயக்கியிருந்தது. பழைய விடை போய்விட்டது, புதிய விடை இல்லை.

அந்த வெற்றிடத்தில் ஒலி நுழைந்தது. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பிராட் ராம்ஷாவின் குழு பரிவு முறையாலும், பிரான்சில் துலூஸைச் சேர்ந்த குழு எதிரொலி முறையாலும் அந்தப் பளிங்கைத் தட்டிப் பார்த்தன. சாதாரணப் பொருள் மீகடத்தியாக மாறும் வெப்பநிலையில் நெட்டாங்கு ஒலியின் வேகம் சட்டென்று ஒரு படி இறங்கும். குறுக்கலையின் வேகம் அப்படிப் படியிறங்காது. சதுரத்தைச் சாய்த்துச் சாய்சதுரமாக்கும் அசைவுதான் குறுக்கலை. வலப்பக்கம் சாய்த்தாலும் இடப்பக்கம் சாய்த்தாலும் சோடிக்கு ஒன்றுதான், ஆகவே அது சாய்வைப் பொருட்படுத்தாது. சோடிகளின் ஒழுங்கில் சம வலிமையுள்ள இரண்டு கூறுகள் கலந்திருந்தால்தான் ஒரு பக்கச் சாய்வு ஒரு கலவைக்கும், மறு பக்கச் சாய்வு இன்னொரு கலவைக்கும் இடங்கொடுக்கும். அப்போது குறுக்கலையிலும் படி விழும். இரண்டு குழுக்களும் 2020க்கும் 2021க்கும் இடையில் வெளியிட்ட முடிவு ஒன்றே: குறுக்கலையில் படி விழுகிறது. மிக மிகச் சிறிய படிதான், ஆனால் தெளிவாக விழுகிறது. இரு குழுவினரும் அளந்த படிகளின் அளவு ஒத்துப்போகவில்லை. வேறு சில சோதனைகள் ஒரே கூறைத்தான் காட்டுகின்றன. விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் அந்தப் பளிங்கைப் பற்றி இனி யார் எந்தக் கோட்பாட்டைக் கொண்டுவந்தாலும் இந்தப் படிக்குப் பதில் சொல்லிவிட்டே போக வேண்டும்.

நம் நாட்டுக்கு வருவோம். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கலை வழியாக இறங்கும் வீதி கேகாலை மாவட்டத்துக்குள் நுழைகிறது. அதே மாவட்டத்தில் போகலைக் காரீயச் (கிராபைட்) சுரங்கம் இருக்கிறது. குருணாகல் மாவட்டத்தில் கஹட்டகஹா சுரங்கம். உலகின் பல நாடுகளில் காரீயம் பாறைக்குள் செதில் செதிலாகச் சிதறிக் கிடக்கும். இங்கே பழைய உருமாறிய பாறைகளின் வெடிப்புகளுக்குள் நரம்பு நரம்பாகப் படிந்திருக்கிறது. 90 சதவீதத்துக்கு மேல், சில இடங்களில் 99 சதவீதம் வரை தூய கரி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக இதைப் பெருமளவில் கொண்டுபோயின. தேயிலை பெட்டியில் போனது, காரீயம் பீப்பாயில் போனது.

பென்சிலில் எழுதும்போது கடதாசியில் ஒட்டிக்கொண்டு வருகிற அந்த மென்மையான பொருளைத் தட்டிக் கேட்டால் என்ன சொல்லும்? 1970இல் பிளேக்ஸ்லீ முதலானோர் செயற்கையாகச் சீராக்கிய காரீயத்தில் ஐந்து மாறிலிகளையும் அளந்து வெளியிட்டார்கள். அடுக்குகளுக்குச் செங்குத்தான திசையில் விறைப்பு 36 கிகாபாஸ்கலை ஒட்டி நின்றது. ஒலி செக்கனுக்கு நான்கு கிலோமீற்றர். அடுக்கின் வழியாகவோ 1,060 கிகாபாஸ்கல். ஒலி ஏறக்குறைய 21.6 கிலோமீற்றர். ஒரே கட்டி, திசையைத் திருப்பினால் ஒலி ஐந்து மடங்கு வேகமெடுக்கிறது. வைரத்தின் அச்சுத் திசையில்கூட ஒலி 17.5 கிலோமீற்றர்தான் போகும். இரண்டின் விறைப்பும் ஏறக்குறைய ஒன்றே. காரீயம் வைரத்தைவிட அடர்த்தி குறைந்தது என்பதால் முந்துகிறது.

காரணம் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. ஓர் அடுக்குக்குள் கரி அணுக்கள் 0.142 நனோமீற்றர் இடைவெளியில், அறுகோணம் அறுகோணமாக, மிக வலிய பிணைப்பால் கோத்துக்கொண்டிருக்கின்றன. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே 0.335 நனோமீற்றர், அங்கே இருப்பது மிக மெல்லிய ஈர்ப்பு. பென்சில் எழுதுவது அந்த மெல்லிய இடத்தில் நழுவி. அடுக்கு ஒன்றைத் தனியே பிரித்தால் அது கிராபீன். 2004இல் மான்செஸ்டரில் கெய்மும் நோவோசெலோவும் ஒட்டுநாடாவால் அதைப் பிரித்தெடுத்தார்கள், 2010இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் அந்த அடுக்கு எவ்வளவு வலியது என்பதை, பிரிப்பதற்கு 34 ஆண்டுகளுக்கு முன்பே, ஒலி சொல்லியிருந்தது. ஹோமாகமையிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவனம் நம் நரம்புக் காரீயத்திலிருந்து கிராபீன் எடுக்கும் வழிகளில் உழைத்திருக்கிறது. மண்ணை மண்ணாகவே ஏற்றுமதி செய்துவந்த நாட்டில் அது மிகப் பெரிய திருப்பம் என்று நினைக்கிறேன். அளக்கும் ஆய்வுகூடங்களும் அதே வேகத்தில் வளர வேண்டும். பொருளின் குணத்தைத் தானே அளந்து சொல்ல முடியாதவர், வாங்குகிறவர் சொல்லும் தரத்துக்கும் விலைக்கும் தலையாட்ட வேண்டிவரும்.

காரீயத்தில் ஒலி இன்னொரு வேடமும் போடுகிறது. திண்மத்துக்குள் வெப்பம் என்பதே அணுக்களின் அதிர்வு, அதாவது கண்டபடி எல்லாத் திசையிலும் ஓடும் மிகச் சிறிய ஒலியலைகளின் கூட்டம். சாதாரணமாக அவை முட்டி மோதித் திசை கெடுவதால் வெப்பம் மெல்லக் கசிந்து பரவும். மோதினாலும் மொத்த ஓட்டத்தின் திசை கெடாதிருந்தால் வெப்பமே ஓர் அலையாக ஓடும். அதை இரண்டாம் ஒலி என்பார்கள். திரவ ஹீலியத்தில் அதை 1944இல் கண்டார்கள். திண்மங்களில் மிகக் குளிர்ந்த நிலையில் மட்டும் கண்டிருந்தார்கள். 2019இல் மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரண்டு லேசர் கதிர்களைக் காரீயத்தின்மேல் குறுக்கே பாயவிட்டு, சூடும் குளிருமாக வரிகளை உண்டாக்கினார்கள். சூடான வரிகள் மெல்ல ஆறிச் சமநிலைக்கு வருவதே வழக்கம். இங்கே சூடான வரி ஒரு கணம் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து, குளிர்ந்த வரி சூடானது. வெப்பம் பரவவில்லை, அலையடித்தது. அப்போது வெப்பநிலை 120 கெல்வின், அதாவது மறை 150 பாகை செல்சியஸை ஒட்டி. 2022இல் அதே நிறுவனத்தினர் 200 கெல்வினுக்கு மேலும் அந்த அலையைக் கண்டார்கள். அறை வெப்பநிலைக்கு இன்னும் நூறு பாகைக்கும் குறைவே மிச்சம். சூடேறும் கணினிச் சில்லுகளிலிருந்து வெப்பத்தை அலையாகவே வெளியே அனுப்ப முடியுமா என்பது அந்த நூறு பாகைக்குள் காரீயத்தின் அடுக்குகள் எவ்வளவு பழுதில்லாமல் இருக்கின்றன என்பதையும் பொறுத்தது.